வணிகக் கட்டடங்களும் அடமானக் கடனும்

வீட்டுக் கடன் கோருவோரின் சம்பளச் சான்றையே வங்கிகள் முதலில் பார்க்கின்றன. அலுவலகக் கட்டடத்தின் மீதோ வணிக வளாகத்தின் மீதோ கடன் கோரப்படும்போது ஆய்வு வேறிடத்தில் தொடங்குகிறது. தவணை கட்டுவது, நடைமுறையில், கட்டடத்தின் வாடகையே. தவணை தவறினால் விற்று மீட்க வேண்டியதும் அதே கட்டடந்தான். 2009 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், இவ்வகைக் கடனை இந்த இயல்பைக் கொண்டே இனங்கண்டன.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞர் சரிபார்த்தபின் கணக்கு தொடங்குகிறது. ஆண்டு வாடகை 1 கோடி ரூபாய் தரும் கட்டடம் ஒன்றைக் கொள்வோம். காலியிடத்திற்கென 10 லட்சமும், சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றிற்கென 20 லட்சமும் கழித்தால் நிகர வருவாய் 70 லட்சம். இது ஆண்டுத் தவணையைப்போல் 1.25 மடங்கு இருக்க வேண்டுமென வங்கி கருதினால், தவணை 56 லட்சத்தைத் தாண்டலாகாது. 10 சதவீத வட்டியில், 12 ஆண்டு மாதத் தவணைகளில், அத்தொகை சுமார் 3.9 கோடிக் கடனையே தாங்கும். இனி, சொத்தின் மதிப்பு. வாங்குவோர் 9 சதவீத வருவாய் எதிர்பார்த்தால் மதிப்பு சுமார் 7.78 கோடி, அதில் 60 சதவீதம் 4.67 கோடி. இரண்டில் குறைந்த தொகையே கடன் வரம்பு.

மதிப்பில் பாதியே கடன் என்பதால் கவலையில்லை என்று தோன்றும். இத்தோற்றம் ஏமாற்றக் கூடியது. கடன் வழங்கிய சில மாதங்களிலேயே, 30 லட்சம் வாடகை தந்த நிறுவனம் வெளியேறுவதாகக் கொள்வோம். நிகர வருவாய் 40 லட்சமாகிறது. தவணையோ 56 லட்சம். காலியிடத்தைக் கண்டு வாங்குவோர் 10 சதவீதம் கேட்பின் மதிப்பு 4 கோடியாகச் சுருங்குகிறது. வருவாயைத் தாக்கிய அடியே ஈட்டையும் தாக்கிவிடுகிறது.

ஆதலின் அதிகாரி மிகுந்த நேரம் செலவிட வேண்டியது குத்தகை ஒப்பந்தத்தில். நகரங்களின் அலுவலகக் குத்தகைகளில், ஒப்பந்தக் காலம் 9 ஆண்டு என்றிருந்தாலும், வாடகைதாரர் விலக இயலாத காலம் பெரும்பாலும் 3 அல்லது 5 ஆண்டுகளே. அதன்பின் முன்னறிவிப்புக் கொடுத்து அவர் வெளியேறலாம். 12 ஆண்டுக் கடனின் பிற்பகுதி முழுவதும், அவர் தங்குவார் என்ற நம்பிக்கையைச் சார்ந்தே நிற்கிறது. வாடகையை வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தச் செய்வது நல்ல ஏற்பாடு. ஆனால் அது வருகிற வாடகையை மட்டுமே காக்கும்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், வாராக்கடனாகிவிட்ட கணக்கில் 60 நாள் அறிவிப்புக்குப்பின் நீதிமன்றத் தலையீடின்றி ஈட்டைக் கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிகளுக்குத் தந்தது. கைப்பற்றும் கட்டடம் அப்போது பெரும்பாலும் காலியாயிருக்கும். சந்தை மதிப்புடன், அவசர விற்பனையில் கிடைக்கும் விலையையும் மதிப்பீட்டாளரிடம் வங்கிகள் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுவது இக்காரணம் பற்றியே.