எந்த ஆர்கானிக்? ஒரு சொல்லும் நாலு பொருளும்

ஆர்கானிக் என்ற சொல் இன்றைக்கு உரச்சாக்கில் இருக்கிறது, மண் பரிசோதனை அட்டையில் இருக்கிறது, சான்றிதழில் இருக்கிறது, பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்திலும் இருக்கிறது. சொல் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அதற்குப் பொருள் வேறே. பொருள் மாறுகிற அந்த இடுக்கில்தான் நம்ம காசும், சில நேரம் நம்ம சான்றும் தொலைந்து போகிறது.

எங்கள் குழுவில் சான்றுக்குப் பதிந்து இரண்டாம் வருஷத்தில் இருக்கிற அண்ணாச்சி ஒருத்தர், குதிரைவாலிக் காட்டுக்குக் குருணை மூட்டை ஒன்று விலை பேசிவிட்டு வந்து கேட்டார்: “சாக்குல ஆர்கானிக்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு தம்பி, போடலாம்ல?” அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அது எந்த ஆர்கானிக் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த மாதப் பாடம் அதுதான்.

வேர் எங்கே?

கிரேக்க மொழியில் ‘ஆர்கனான்’ என்றால் கருவி. உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி இருப்பதால், உடல் உறுப்புக்கு இங்கிலீஷில் ஆர்கன் என்று பேர் வந்தது. தேவாலயத்தில் வாசிக்கிற ஆர்கனுக்கும் இதே வேர்தான். உறுப்புகள் சேர்ந்து உயிராக இயங்குவது ஆர்கானிக். இந்த வேரிலிருந்து சொல் நாலு திசையில் கிளை விட்டது. தமிழில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிச் சொல் இருப்பது நமக்கு வசதி.

முதல் பொருள்: கரிம

வேதியியல்காரர்கள் முதலில் உயிர்களிடமிருந்து கிடைக்கும் பொருட்களை மட்டும் ஆர்கானிக் என்றார்கள். அவற்றை உயிர்தான் உண்டாக்க முடியும் என்று நம்பினார்கள். 1828-ல் ஜெர்மனியில் பிரெடரிக் வோலர் என்பவர், மூத்திரத்தில் இருக்கும் ஒரு பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். அந்தப் பொருள் எது தெரியுமா? யூரியா! அதன் பிறகு கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களைப் படிப்பதே ஆர்கானிக் வேதியியல் என்று ஆகிவிட்டது. தமிழில் கரிம வேதியியல் என்கிறோம்.

இந்தக் கணக்கில் யூரியா ஆர்கானிக். பூச்சிமருந்துகளில் பலவும் ஆர்கானிக். கடைக்காரர் “யூரியாவும் ஆர்கானிக்தாங்க, வேப்பெண்ணெய் வேற பூசியிருக்கு” என்றால் முதல் பாதி வேதியியல்படி பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையால் நம்ம மண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. யூரியாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன். 45 கிலோ மூட்டையில் 9 கிலோ. மண்ணில் ஈரம் பட்டதும் யூரியா உடைந்து, அந்தக் கார்பன் கரியமில வாயுவாகப் பிரிந்துவிடும். மண்ணில் மக்காகத் தங்காது.

இதற்கு நேர்மாறானது ராக் பாஸ்பேட். பாறையை அரைத்த தூள் அது. வேதியியல் கணக்கில் அது ஆர்கானிக்கே இல்லை. ஆனால் சான்று விதிகள் அதைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாம் பொருள்: மண்ணில் இருக்கும் மக்கு

மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி வரும். இலை, தழை, வேர், சாணம், செத்த புழு, நுண்ணுயிர் எல்லாம் மக்கி மண்ணில் தங்கிய கார்பனின் அளவு அது. 0.5 சதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேலே இருந்தால் நல்லது.

ஒரு ஏக்கரில் மேலே அரை அடி மண் ஏறக்குறைய 900 டன் எடை இருக்கும். அதில் அங்ககக் கரிமம் 0.1 சதம் கூட வேண்டுமானால் 900 கிலோ கார்பன் மண்ணில் தங்க வேண்டும். போட்டது முழுக்கத் தங்காது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலில் மக்கு வேகமாகக் கரைந்துவிடும். ஆக, ஏக்கருக்கு ஒன்றிரண்டு மூட்டை குருணையைத் தூவி இந்த எண்ணை ஏற்றிவிட முடியாது. ஆட்டுக்கிடை போடுவதும், அறுத்த தட்டையைக் கொளுத்தாமல் காட்டிலேயே விடுவதும், பயறு வகையை ஊடுபயிராகப் போடுவதும், வரப்பில் மரம் வைப்பதும்தான் வருஷா வருஷம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்.

மூன்றாம் பொருள்: உயிர்ம

ஆர்கானிக் ஃபார்மிங் என்ற பேரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு. 1940-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அந்தப் பேர் வருகிறது. அவர் உரத்தை மனதில் வைத்து அந்தப் பேரை வைக்கவில்லை. பண்ணையே ஒரு உடம்பு, மண்ணும் பயிரும் மாடும் மனுஷனும் அதன் உறுப்புகள் என்பது அவர் கருத்து. உறுப்பு ஒன்று நொந்தால் உடம்பு முழுக்க நோகும்.

உயிர்ம வேளாண்மை என்று இப்போது நாம் சொல்வது இந்தப் பொருளுக்கு நெருக்கமானது. நம்மாழ்வார் அய்யா 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். வெளியிலிருந்து விலைக்கு வாங்கிப் போடும் முறை மானாவாரி உழவனுக்குக் கட்டுபடியாகாது என்று அங்கே கண்டுதான் வெளியே வந்தார். பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசியதற்கும் இதுதான் அடிப்படை. இந்தப் பொருளில் பார்த்தால், எல்லா இடுபொருளையும் கடையில் வாங்குகிற காடு, அதில் ஒரு துளி ரசாயனம் இல்லாவிட்டாலும், முழு ஆர்கானிக் ஆகாது.

நாலாம் பொருள்: அங்கக

இது சட்டத்தின் பொருள். விதைச்சான்றுத் துறையோடு சேர்ந்திருக்கும் அங்ககச் சான்றளிப்பு இந்த வகை. இந்திய அரசு 2001-ல் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கீழ் ஒருபருவப் பயிருக்கு விதைப்புக்கு முன்னால் 24 மாதமும், மா, கொய்யா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முன்னால் 36 மாதமும் மாறுகாலம். சிறு உழவர்கள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் காட்டை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிற பி.ஜி.எஸ். முறையும் இருக்கிறது.

சட்டத்துக்கு மண்ணின் மனசு தெரியாது. எதைப் போட்டீர்கள், எப்போது போட்டீர்கள், பில் எங்கே என்றுதான் கேட்கும். தடை செய்த பொருளை ஒரு தடவை போட்டாலும் மாறுகாலத்தை முதலிலிருந்து எண்ண வேண்டி வரலாம். பண்ணைக்கு வெளியிலிருந்து வரும் கோழி எருவுக்கும் நகரக் குப்பை உரத்துக்கும்கூட கட்டுப்பாடு உண்டு. சான்று தருபவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

அண்ணாச்சியின் மூட்டைக்கு வருவோம். சாக்கைத் திருப்பிப் பார்த்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை, சான்று நிறுவனம் எதன் பேரும் இல்லை. அது கரிமமாக இருக்கலாம், அங்ககம் என்று சொல்ல அத்தாட்சி கிடையாது. அவர் அதை வாங்கவில்லை. அந்தக் காசில் காட்டில் கிடை போட்டார்.

வாங்கும் முன் நாலு கேள்வி

1. சாக்கில் இருக்கும் ஆர்கானிக் எந்தப் பொருளில்? கரிமமா, அங்ககமா?
2. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது? பட்டியல் அச்சில் இருக்கிறதா?
3. சான்று வேலைக்கு ஏற்றது என்று எந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது? அந்தச் சான்று இன்னும் காலாவதி ஆகவில்லையா?
4. இதே வேலையை நம்ம காட்டிலேயே, நம்ம ஊரிலேயே கிடைப்பதை வைத்துச் செய்ய முடியாதா?

விற்கும்போதும் இதே கவனம் வேண்டும். சான்று இல்லாமல் ரசாயனம் போடாத கம்பை நேரில் விற்கிறவர், “மூணு வருஷமா உப்பு உரம் போடலை, மருந்து அடிக்கலை, காட்டை வந்து பாருங்க” என்று சொல்லலாம். வெறும் ஆர்கானிக் என்ற சொல்லைவிட அதற்கு எடை அதிகம். வாங்குகிறவர் வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு காலிச் சாக்கு கொண்டு வாருங்கள். கரிம, மக்கு, உயிர்ம, அங்கக என்று தரையில் நாலு கட்டம் போட்டு, எந்தச் சாக்கு எந்தக் கட்டத்தில் போகும் என்று சேர்ந்து பிரித்துப் பார்ப்போம். எந்தக் கட்டத்திலும் சேராத சாக்கை அடுத்த தடவை வாங்க வேண்டாம்.