மடிக்கணினியில் ஒலி நின்றால்

இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

இன்று கல்லூரி மாணவர் பலரிடம் மடிக்கணினி உள்ளது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், கணினியையே கண்டிராத பல சிற்றூர் வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆனால் பொருள் வந்த வேகத்தில், அதன் பழுதை ஆராயும் பழக்கம் நம்மிடம் வரவில்லை. ஒலி நின்றுவிட்டால் பக்கவாட்டில் தட்டிப் பார்க்கிறோம். இல்லையேல் நேரே கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதனை நாம் இயற்பியல் ஆய்வகத்தில் அன்றாடம் கற்கிறோம். மின்னழுத்தமானிச் சோதனையில் கால்வனாமீட்டரின் முள் அசையாவிட்டால், "கருவியைக் குறை கூறாதே, மின்கலத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்து வா" என்று ஆசிரியர்கள் கூறுவார்கள். அம்முறையை மடிக்கணினிக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலி வரும் வழி

வழி தெரிந்தால்தான் அடைப்பு எங்கே என்று தேட முடியும். கணினியில் ஒலி என்பது எண்களின் வரிசையாக உள்ளது. பொதுவாக ஒரு நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 16 பிட் கொண்டதாயின், அது 65,536 மதிப்புகளுள் ஒன்றாக இருக்கும்.

இந்த எண்கள் முதலில் பாட்டையோ படத்தையோ இயக்கும் செயலியிலிருந்து புறப்படுகின்றன. விண்டோஸ் போன்ற இயங்குதளம், பல செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலக்கிறது. அடுத்து டிரைவர் என்னும் மென்பொருள், அவ்வெண்களை வன்பொருளிடம் ஒப்படைக்கிறது. அங்கே கோடெக் என்னும் சில்லு எண்களை மின்னழுத்தமாக மாற்றுகிறது. பெருக்கிச் சுற்று அதற்கு வலுவூட்ட, ஒலிபெருக்கியின் சவ்வு அதிர்கிறது. செயலி, இயங்குதளம், டிரைவர், கோடெக், பெருக்கி, ஒலிபெருக்கி என ஆறு நிலைகள். முதல் மூன்றும் மென்பொருள். பின் மூன்றும் வன்பொருள். இவற்றுள் எது அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றே: மௌனம்.

எளிய சோதனைகள்

முதலில் செலவில்லாதவற்றைப் பார்க்க வேண்டும். விசைப்பலகையில் ஒலியடக்கும் பொத்தான் அழுந்தியுள்ளதா? ஒரு செயலியில் மட்டும் ஒலி இல்லையா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால், செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று வால்யூம் மிக்சரைத் திறந்து, அச்செயலியின் அளவு பூஜ்ஜியத்தில் உள்ளதா என்று காண்க.

அடுத்து, ஒலி வேறெங்கேனும் போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருத்தரங்க அறையில் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகப் புரொஜெக்டரை இணைத்தவுடன் மடிக்கணினி ஊமையாவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கணினி அங்கே பழுதாகவில்லை. ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிட்டது. பையில் கிடக்கும் புளூடூத் இயர்போனும் இப்படியே ஒலியைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அதே சவுண்ட் பக்கத்தில் வெளியீட்டுக் கருவியாக ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மூன்று பிரிப்புச் சோதனைகள்

இவற்றால் தீராவிடில், ஆறு நிலைகளையும் பிரித்துப் பார்க்க மூன்று சோதனைகள் உள்ளன.

ஒன்று, கம்பியுள்ள ஹெட்போனைச் செருகுவது. அதில் ஒலி கேட்டால் டிரைவரும் கோடெக்கும் நலம். பழுது ஒலிபெருக்கியிலோ, அதன் பெருக்கியிலோ, கம்பியிலோ, செருகு துளையிலோ இருக்கலாம். அத்துளையில் செருகியிருப்பதை உணரும் சிறு அமைப்பு உள்ளது. தூசு படிந்து அது ஒட்டிக்கொண்டால், ஹெட்போன் இன்னும் இருப்பதாகவே கணினி எண்ணிக்கொள்ளும். சிலமுறை செருகி எடுத்தாலே சரியாவதுண்டு.

இரண்டு, யு.எஸ்.பி. ஹெட்செட்டை இணைப்பது. எண்களை மின்னழுத்தமாக்கும் சில்லு அதற்குள்ளேயே உள்ளது. ஆகையால் கணினியின் கோடெக்கிற்கு அங்கு வேலையில்லை. அதில் ஒலி வந்தால் செயலியும் இயங்குதளமும் நலம் எனலாம்.

மூன்று, பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்ப்பது. உபுண்டு போன்றவற்றைக் கணினியில் நிறுவாமலே, முயன்று பார்க்கும் முறையில் இயக்கலாம். அங்கு ஒலிபெருக்கி ஒலித்தால் வன்பொருள் முழுவதும் நலம்; குற்றம் விண்டோஸிலோ அதன் டிரைவரிலோ உள்ளது.

ஓர் உண்மை நிகழ்ச்சி

எங்கள் விடுதியில் முதுகலை வரலாறு பயிலும் அண்ணன் ஒருவர் பார்வை மாற்றுத்திறனாளி. அவர் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருளைக்கொண்டு படிக்கிறார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது. அவரும் பார்வையற்றவரே. அது விலையின்றிக் கிடைக்கிறது. திரையிலுள்ள தமிழையும் படித்துக் காட்டுகிறது.

பருவத் தேர்வுக்குப் பத்து நாட்கள் இருக்கையில் அண்ணனின் மடிக்கணினியில் ஒலி நின்றது. "உங்களுக்குச் சத்தம் போனால் பாட்டுதான் போகும் தம்பி. எனக்குப் புத்தகமே போய்விட்டது" என்றார். கடை ஒன்றில் திறந்துகூடப் பாராமல், மதர்போர்டை மாற்ற வேண்டும், ஆறாயிரம் ரூபாய் ஆகும் என்றனர். அவ்வளவு தொகைக்கு அவர் எங்கே போவார்?

அன்றிரவு மேற்கூறிய சோதனைகளைச் செய்தோம். ஹெட்போனில் ஒலி இல்லை. நண்பரொருவரின் யு.எஸ்.பி. ஹெட்செட்டில் ஒலி வந்தது. ஆகவே பழுது டிரைவரில் அல்லது அதற்குப் பிந்திய வன்பொருளில். பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினோம். ஒலிபெருக்கி நன்றாக ஒலித்தது. எஞ்சியது டிரைவர் ஒன்றே. விண்டோஸுக்குத் திரும்பி, டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவியின் பண்புகளைத் திறந்து, ரோல் பேக் டிரைவர் என்பதை அழுத்திப் பழைய டிரைவருக்கு மாற்றினோம். கணினி மீண்டும் தொடங்கியதும் என்.வி.டி.ஏ. பேசத் தொடங்கியது. செலவு ஏதுமில்லை.

இது புதுமையன்று. 2018 அக்டோபரில், பொருந்தாத இன்டெல் ஒலி டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாகத் தவறுதலாகப் பல விண்டோஸ் 10 கணினிகளுக்குச் சென்று ஒலியை நிறுத்தியது. பின்னர் மைக்ரோசாஃப்டே அதனை நீக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ரோல் பேக் பொத்தான் மங்கலாக இருந்தால், அக்கருவியை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மீண்டும் தொடங்கலாம். அல்லது தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாதிரிக்குரிய டிரைவரைப் பெற்று நிறுவலாம்.

வன்பொருளே பழுதாயின்

லினக்ஸிலும் ஒலி இல்லையெனில் பழுது பெரும்பாலும் வன்பொருளில்தான். அப்போது கடைக்குச் செல்வதே முறை. ஆயினும் வெறுங்கையோடு செல்லாமல், செய்த சோதனைகளின் முடிவைக் கூற வேண்டும். "ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை" என்று சொன்னால், மதர்போர்டை மாற்றும் பேச்சு எளிதில் எழாது. ஒலிபெருக்கியைக் கழற்றியதும் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லலாம். 4 ஓம் என்று குறிக்கப்பட்டது ஏறத்தாழ அம்மதிப்பைக் காட்டினால் அதன் சுருள் அறுபடவில்லை. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. ஒலிபெருக்கியை மட்டும் மாற்றுவது மதர்போர்டை மாற்றுவதைவிட மிகக் குறைந்த செலவாகும்.

முடிவுரை

பழுது நீக்கத் தெரிவது சிலருக்கே உரிய வித்தையன்று. வழியை அறிதல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், கண்டதைக் குறித்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் நம் ஆய்வக ஏட்டில் உள்ளவையே. ஒவ்வொரு விடுதியிலும் ஒரு யு.எஸ்.பி. ஹெட்செட்டும், லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவும் பொதுவில் இருக்குமானால், நம்முள் பலருடைய பணம் மிஞ்சும். ஒலியையே கண்ணாகக் கொண்டு படிக்கும் நண்பர்களின் தேர்வும் தடைப்படாது. இதற்கு நம் இயற்பியல் துறை மாணவர்கள் முன்வர வேண்டும் என்பதே என் விருப்பம்.