ஆக்சிஜனும் மருந்துதான்: மூச்சு நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் மாரியூர், வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கம் மூச்சு நோய்க்கான காரணங்களை ஊருக்குள்ளேயே காணலாம். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் நாள் கணக்கில் புகையில் நிற்கிறார்கள். அதே விறகு பல வீடுகளில் அடுப்பிலும் எரிகிறது. பீடி வேறு. இங்கே எல்லாவற்றுக்கும் ‘இழுப்பு’ என்று ஒரே பெயர். ஆனால் அதற்குள் ஆஸ்துமா இருக்கும், புகையால் வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி. இருக்கும், எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பும் இருக்கும். மூன்றுக்கும் பராமரிப்பு ஒன்றல்ல.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால் அங்கிருந்து வீடு திரும்பியதும், வார்டில் நர்ஸும் சுவாசத் தொழில்நுட்பரும் செய்த வேலை மனைவி தலையிலோ மருமகள் தலையிலோ விழுகிறது. 2021-இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் சுவாசத் தொழில்நுட்பத்தைப் படித்துப் பதிவு செய்து பார்க்க வேண்டிய தொழிலாக வரையறுத்திருக்கிறது. அந்த வேலையின் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வீட்டில் இருப்பவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

முதல் வேலை டிஸ்சார்ஜ் அன்றே தொடங்குகிறது. ஆக்சிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எவ்வளவு காட்டினால் போதும் என்ற மூன்றையும் டாக்டரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி மருத்துவ ஆக்சிஜன் ஒரு மருந்து. மருந்து என்றால் அளவு உண்டு.

அந்த அளவில்தான் நம் வீடுகளில் பெரிய ஆபத்து நடக்கிறது. மூச்சு வாங்குகிறவரைப் பார்க்கும்போது குமிழைத் திருகிக் கூட்டத்தான் கை போகும். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். ஆள் அமைதியாகி, தூக்கக் கலக்கத்தில் விழுவார். நிம்மதியாகத் தூங்குகிறார் என்று வீட்டார் நினைப்பார்கள், உண்மையில் நினைவு தப்பிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவான இலக்கு 88 முதல் 92 சதவீதம், மற்ற நோயாளிகளுக்கு 94 முதல் 98. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே அளந்து கொடுத்துப் பார்த்து, முடிவை 2010-இல் வெளியிட்டார்கள். ஆக்சிஜனை அள்ளிப் பெற்றவர்களைவிட அளந்து பெற்றவர்களிடையே மரணம் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஆகவே 90 காட்டினால் பதறாதீர்கள். அவருக்கு எழுதிக் கொடுத்த எல்லைக்குள் இருந்தால் அதுவே சரி.

ஆக்சிமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் எல்லாம் எண்ணை மாற்றும். கருத்த தோலில் இது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு சொன்னது. வெயிலில் உழைத்துக் கருத்த நம் ஆட்களுக்கு இது முக்கியம். எண்ணோடு ஆளையும் பாருங்கள். ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். முப்பதைத் தாண்டினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உட்கார வைத்து, முன்னால் தலையணை வைத்து, அதில் கையூன்றிச் சாயச் சொல்லுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்லுங்கள். இந்த மூச்சைத் தினமும் பழக்கி வைத்திருந்தால்தான் அவசரத்தில் வரும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் கேட்டால் சொல்லித் தருவார். ராமநாதபுரம் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால், நள்ளிரவுவரை பொறுத்துப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. புயல் மழைக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு பி-டைப் சிலிண்டராவது கைவசம் இருக்க வேண்டும். நிரம்பிய சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். மீட்டர் முள் பாதிக்கு வந்தால் நேரமும் பாதி. சிலிண்டரை நிறுத்தி, சுவரோடு சங்கிலியிட்டுக் கட்டுங்கள். ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது, நோயாளியின் மூக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது. அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி எல்லாம் பத்தடிக்கு அப்பால். பீடியை விட முடியாதவரை வைது பயனில்லை. ஆனால் ஆக்சிஜன் போகும்போது பற்றவைத்தால் முகமும் படுக்கையும் எரியும் என்பதை அவரிடமே நேராகச் சொல்ல வேண்டும்.

இனி சுத்தம். மூச்சுக் கருவிகளில் கிருமி குடியேறுவது ஈரத்தில்தான். ஆக்சிஜன் குமிழிட்டு வரும் தண்ணீர்ப் புட்டியில் நம் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். காய்ச்சி வடித்த நீர் சிறந்தது, இல்லாவிட்டால் கொதிக்க வைத்து ஆறிய குடிநீர். தினமும் மிச்சத்தைக் கொட்டி, கழுவி, புதிதாக ஊற்றுங்கள். மிச்சத்தோடு சேர்த்து நிரப்புவது கூடவே கூடாது. நெபுலைசர் கப்பை ஒவ்வொரு முறையும் கழட்டிக் கழுவி, உதறி, சுத்தமான துணிமேல் காற்றில் காய விடுங்கள். தயாரித்தவர் அனுமதித்திருந்தால் தினம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். மாஸ்க்கைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இரவல் தர வேண்டாம், எவ்வளவு நெருக்கமானாலும். இன்ஹேலரோடு வரும் ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலர்த்துங்கள். துடைத்தால் மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். கான்சன்ட்ரேட்டரின் வடிகட்டிப் பஞ்சை வாரம் ஒருமுறை அலசிக் காய வைத்தால் போதும். இத்தனைக்கும் முன்னால், தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுங்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், பழைய இழுப்புதானே என்று விடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். இலவசம். காசநோய் என்று தெரிந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், நோயாளி மாஸ்க் போடட்டும், சளியை மூடியுள்ள டப்பாவில் பிளீச்சிங் பவுடர் கரைசலில் துப்பட்டும். ஆனால் அவரைக் கொட்டகையில் ஒதுக்கி வைக்காதீர்கள். இதற்கு நம் சென்னையே சாட்சி. 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், 193 நோயாளிகளில் ஒரு பாதியினரை சானடோரியத்திலும் மறுபாதியினரை அவர்களுடைய நெருக்கடியான ஏழை வீடுகளிலும் வைத்து மருந்து கொடுத்தது. 1959-இல் வந்த முடிவு உலகத்தையே மாற்றியது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களோடு வாழ்ந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. பரவலைத் தடுப்பது விடாமல் சாப்பிடும் மாத்திரை. உணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுகிறது, கேட்டு வாங்குங்கள்.

2012 முதல் எந்த டாக்டரும் காசநோயை அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும். அது அரசுக்குப் போகும் தகவல், தெருவுக்கு அல்ல. கரிமூட்ட வேலைக்குக் கூப்பிடாமல் போவார்கள், பெண் கேட்டு வரமாட்டார்கள் என்ற பயம் பொய்யல்ல. நோயாளி சொல்லச் சொன்னால் ஒழிய யாரிடமும் சொல்லாதீர்கள். மாஸ்க்கோடு படுத்திருக்கும் அப்பாவைப் படம் எடுத்துச் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதில் அடங்கும்.

சம்மதம் கேட்பதையும் வீட்டில் மறந்துவிடுகிறோம். மாஸ்க் மாட்டும் முன் “மாட்டட்டுமாப்பா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள், பெரும்பாலும் வாய் வறண்டிருக்கும், காது மடலில் குழாய் அறுத்திருக்கும். நோய் முற்றிய நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அவர் தெளிவாக இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது. மருமகன் வந்து முடிவு செய்யட்டும் என்று விடாதீர்கள். தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நெருக்கடி வந்தால் யார் டாக்டரிடம் பேச வேண்டும் என்று ஒருவர் பெயரையாவது அதில் எழுத வேண்டும். அந்த ஆளிடம் ஒரு பிரதியும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு பிரதியும் இருக்கட்டும்.