புள்ளியும் பொருளும்

பழனி மலைத்தொடரின்மீது, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல் கதிரவன் ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. 1899-இல் நிறுவப்பெற்ற இக்கூடத்தில், 1904 தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாக, முகில் மறைக்காத நாள்களில் எல்லாம் கதிரவனின் தோற்றத்தைத் தாளில் வரைந்து வைத்தனர். தாளில் ஒரு வட்டம். அதனுள் இடங்காட்டும் கோடுகள். அவ்வட்டத்தில் கரும்புள்ளி, ஒளித்திட்டு, இழை, சுடர்க்கொழுந்து ஆகியவற்றை வெவ்வேறு வண்ணத்தால் குறித்தனர். அவ்வண்ணங்கள் அழகு கருதித் தீட்டியவை அல்ல. இன்னது இன்னதென அறிவிக்கும் அடையாளங்கள்.

கணிப்பொறியில் ஓர் உரையின் பகுதிகளுக்கு இவ்வாறே அடையாளமிட்டு, 'இது தலைப்பு', 'இது பத்தி' என்று அறிவிக்கும் ஒழுங்குமுறையைக் குறியீட்டு மொழி என்பர். டிம் பெர்னர்சு-லீ வகுத்த எச்.டி.எம்.எல்., 1998-இல் வெளியான எக்ஸ்.எம்.எல். ஆகியவை இவ்வகையின. இம்மொழிக்கு அமைப்பு நெறி, பொருள் என இரு கூறுகள் உண்டு.

கோடைக்கானல் வரைபடத்தைக் கொண்டே இவ்விரண்டையும் விளக்கலாம். இழையும் சுடர்க்கொழுந்தும் உண்மையில் ஒரே பொருள். கதிரவனின் முகப்பில் கரிய இழையாகவும், விளிம்பில் ஒளிரும் கொழுந்தாகவும் தோன்றும். ஆகவே, கொழுந்துக்குரிய வண்ணம் வட்டத்தின் நடுவே காணப்படின் அது வழு. கதிரவனைப் பற்றி ஏதும் அறியாத சிறுவனும், விதியை மட்டும் சொல்லிக் கொடுத்தால், இவ்வழுவைக் கண்டுவிடுவான். இஃது அமைப்பு வழு. ஒளித்திட்டை இழையென மயங்கி இழையின் வண்ணத்தைத் தீட்டினாலோ, அமைப்பில் குறையில்லை, பொருள் பிழைத்தது. இதனைக் கதிரவனைக் கண்டவரே அறிவர்.

கணிப்பொறி அச்சிறுவனை ஒத்தது. எக்ஸ்.எம்.எல்.-இல் ஒரு பகுதியின் முன்னே தொடக்கக்குறியும் பின்னே முடிவுக்குறியும் இடல் வேண்டும். உள்ளே தொடங்கியது உள்ளேயே முடிதல் வேண்டும். இவற்றைக் கணிப்பொறி நொடியில் ஆராய்ந்துவிடும். ஆனால், 'புள்ளி' என்று ஒரு குறிக்குப் பெயரிட்டால், அது மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியோ, கோலப்புள்ளியோ, கதிரவனின் கரும்புள்ளியோ என அதற்குத் தெரியாது. மூன்றையும் குறையின்றி ஏற்றுக்கொள்ளும். பொருளை வரையறுப்பது அக்குறியை ஆள்வோர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடே. (நம் ஏட்டுச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடாமலே எழுதிச் சென்றோர் பலர்; படிப்போர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர்.)

அவ்வரைபடங்களை இந்நாளில் மின்னுருவாக்கி, வண்ணம் நோக்கி உறுப்புகளைக் கணிப்பொறியே பிரித்தறியுமாறு செய்து வருகின்றனர். எவ்வண்ணம் எதற்குரியது என்பதை முதலில் அதற்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அக்குறிப்பு மறைந்துபோயிருப்பின், நூறாண்டு உழைப்பும் வெறும் வண்ணக் கோடுகளாகவே நின்றிருக்கும்.