கடை போனை எடுத்ததும்

"ஹலோ, யாரு?" என்று அதட்டிக் கேட்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அழைத்தவருக்கு முதலில் தெரிய வேண்டியது, சரியான இடத்துக்குத்தான் பேசுகிறோமா என்பது. அதனால் வணக்கம் சொல்லி, கடையின் பெயரைச் சொல்லி, எடுப்பவர் தன் பெயரையும் சொல்லிவிட வேண்டும். மூன்று விநாடி வேலை.

போன் மரியாதை என்றாலே குரலில் தேன் ஒழுக வேண்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கரகரத்த குரலிலும் தொழில் நன்றாகவே நடக்கும். அழைத்தவர் மனத்தில் குழப்பத்தை விட்டுவைத்தால்தான் நடக்காது.

சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவரைப் பாருங்கள். "14-ஆம் தேதி கல்யாணம், முந்நூறு பேர்" என்கிறார் பெண்ணின் அப்பா. முகூர்த்தம் 14 விடியற்காலை என்றால் ரிசப்ஷன் 13 ராத்திரி; அடுப்பு மூட்ட வேண்டியது 13 மதியமே. முந்நூறு என்பது ராத்திரிச் சாப்பாட்டுக்கா, காலை டிபனுக்கா, மதியப் பந்திக்கா? கேள்வி கேட்டால் பெரியவர் கோபித்துக்கொள்வாரோ என்று "செஞ்சிடலாம் சார்" என்று வைத்துவிடுவது பணிவுபோலத் தெரியும். பந்தியில் இலை போட்டபின் அவர் பார்க்கும் பார்வையில்தான் அதன் விலை தெரியும்.

ஆகவே கேளுங்கள், கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். 'அடுத்த வெள்ளி' என்பது சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு மறுவாரம். தேதியும் கிழமையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. போனில் இருபது, அறுபது, எழுபது எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். "ஆறு, சைபர், அறுபது இலை" என்று பிரித்துச் சொல்லலாம். பேசி முடித்ததும் தேதி, வேளை, ஆள் கணக்கு, அட்வான்ஸ் நான்கையும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணையெல்லாம் வாயால் ஒப்பிக்கவே வேண்டாம்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று போனை மேஜையில் வைப்பவர்கள் கவனிக்க: அந்தப் பக்கம் எல்லாம் கேட்கிறது. "அந்த ஆளுதான்பா, மறுபடியும்" என்பதும் கேட்கிறது. மியூட் பொத்தானைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் "நான் பத்தரைக்குக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டு, பத்தரைக்கே கூப்பிடுங்கள். 'இப்ப கூப்பிடுறேன்' என்பதை நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கவே வேண்டாம்; நிறுத்தியபின் நாமே அழைத்தால் போதும்.

முதலாளி இல்லாதபோது போனை எடுக்கும் பையன் "அண்ணன் இல்ல" என்று வைத்துவிட்டால் அந்த ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். பெயர், எண், என்ன விஷயம், எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டு எழுத அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். போன் பக்கத்தில் ஒரு நோட்டும் நூல் கட்டிய பேனாவும் இருக்கட்டும்.

பாக்கி கேட்பது தனிக் கலை. எடுத்த எடுப்பில் தொகையைச் சொல்லக் கூடாது. அவர் ஸ்பீக்கரில் போட்டிருக்கலாம், பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்திருக்கலாம். "பேச வசதியா இருக்கா சார்?" என்று கேட்டபிறகு பில் தேதியையும் தொகையையும் சொல்லி, என்றைக்குத் தருவார் என்று ஒரு நாளை வாங்கிவிடுங்கள். சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று புகார் வந்தாலோ, அவர் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. சமையல்காரரைக் காப்பாற்றும் வேலை அப்புறம்.

ஒரே ஓர் அழைப்புக்கு மட்டும் இந்த மரியாதை எதுவும் வேண்டாம். "ராணுவ முகாம்லேர்ந்து பேசறேன், நூறு பேருக்குச் சாப்பாடு வேணும், அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று ஒருவர் அவசரப்படுத்துவார். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பாதிப் பேச்சிலேயே வைத்துவிடலாம். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.