ஆதிக் கருந்துளைகளும் கணிப்பொறி அண்டமும்

விண்மீனும் வாயுவும் நாமும் ஆகிய சாதாரணப் பொருள், அண்டத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. எஞ்சிய ஐந்து பங்கு ஒளி வீசாதது. ஈர்ப்பினால் மட்டுமே அறியப்படுவது. அதனைக் கரும்பொருள் என்கிறோம். அது யாது என்பது இன்றும் விடை காணா வினா.

அண்டம் பிறந்த முதல் நொடிக்குள்ளேயே, அடர்த்தி மிக்க இடங்கள் சரிந்து கருந்துளைகளாகியிருக்கலாம் என்று 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் ஸெல்டோவிச்சும் நோவிகோவும், 1971-இல் ஹாக்கிங்கும் எழுதினர். 2015 செப்டம்பரில், சூரியனைப் போல் சுமார் 30 மடங்கு எடையுள்ள இரு கருந்துளைகள் இணைந்ததை லைகோ கருவிகள் உணர்ந்தன. கரும்பொருள் இவைதாமோ என்ற ஐயம் மீண்டும் எழுந்தது.

கணிப்பொறிக்குள் ஒரு சிறு அண்டத்தை அமைத்து வளர்த்துப் பார்ப்பது, இதனைச் சோதிக்கும் ஒரு வழி. அதிலுள்ள நுட்பம் ஒன்றையே நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முற்றத்தில் சம கட்டங்கள் வரைந்து, கண்ணை மூடிக்கொண்டு கடுகைத் தூவுங்கள். கட்டத்துக்குச் சராசரி 100 கடுகு என்றால், சுமார் 10 கூடவோ குறையவோ விழும். அதாவது நூற்றுக்குப் பத்து. சராசரி 10,000 என்றால் வேறுபாடு சுமார் 100, நூற்றுக்கு ஒன்றுதான். எண்ணிக்கை குறையக் குறைய மேடுபள்ளம் மிகும்.

கரும்பொருள் நுண்துகள்களாலானது என்றால், அவற்றின் எண்ணிக்கைக்கு அளவில்லை. மேடுபள்ளம் மறைந்தே போகும். ஆயினும் கணிப்பொறி அத்தனையையும் கணக்கிட இயலாது. கோடானுகோடித் துகள்களை ஒரு புள்ளியாகத் திரட்டிக்கொள்கிறது. அதனால் எழும் மேடுபள்ளம் கணக்கின் பிழை. ஆனால் கரும்பொருள் கருந்துளைகளேயானால், ஒவ்வொரு புள்ளியும் மெய்யான ஒரு கருந்துளை. பிழையென ஒதுக்கியதே இங்கு இயற்கையாகிவிடுகிறது!

2019-இல் டெரெக் இன்மனும் யாசின் அலி-ஹைமூதும் இத்தகைய கணக்கை வெளியிட்டனர். கருந்துளைகள் மிகுதியாயின், தற்செயலாக நெருங்கியவை கொத்துகளாகின்றன. சிலவேயாயின், ஒவ்வொன்றும் மற்றக் கரும்பொருளை இழுத்துத் தன்னைச் சுற்றித் திரட்டிக்கொள்கிறது. எவ்வாறாயினும், சிறு திரள்கள் வழக்கத்தினும் முன்னதாகவே பிறக்கின்றன.

கருந்துளை குறுக்கே வந்தால், பின்னுள்ள விண்மீனின் ஒளி சில காலம் பெருகும். அத்தகைய ஒளிப்பெருக்கம் போதிய அளவு காணப்படவில்லை. ஆகவே 30 சூரிய எடைக் கருந்துளைகளே கரும்பொருள் முழுவதும் என்று கொள்வதற்கில்லை, சிறு பங்காகலாம். சிறுகோளின் எடையுள்ளவற்றுக்கு இன்னும் இடமுண்டு. ஆனால் அவை எண்ணிக்கையில் மிகப் பல. கடுகுக் கணக்கின்படி அவற்றின் மேடுபள்ளம் மிக நுண்ணியது. அவற்றைப் பிடிக்க வேறு வலை வேண்டும். அவ்வலையைப் பின்னுவது நம் தலைமுறையின் பணி.