பழைய சுண்ணாம்புச் சுவரைக் குடும்பத்தாரே செப்பனிட

காரைக்காலை அடுத்த தருமபுரம் போன்ற கடலோர ஊர்களில், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய பழைய வீட்டைக் குடும்பத்தாரே புதுப்பிக்க முற்படும்போது, முதலில் கவனிக்க வேண்டியது ஓதம், அதாவது நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறிச் சுவரில் தங்குவது. அந்த ஈரத்தில் கரைந்துவரும் உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகிப் பூச்சை உதிர்க்கிறது. இதுவே உப்புப் பூத்தல். உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசுவது பெருந்தவறு. சுண்ணாம்பைப் போல ஈரத்தை எளிதில் வெளிவிடாத சிமென்ட், அதைச் சுவருக்குள் அடைத்து இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிடும்.

ஆகவே, தளர்ந்த பூச்சை நீக்கி, உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளி, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, நீர் தெளித்தபின், நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு சேர்த்த சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். கடற்கரை மணல் கூடவே கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெதுவாகவே இறுகுவதால், ஒவ்வோர் அடுக்கையும் ஈரச் சாக்கால் மூடிச் சில நாள் காப்பது நன்று. வெளிச்சுவர் வேலை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு வெகுமுன்பே முடிந்துவிட வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பு நீரில் கொதித்துத் தெறிக்கும் என்பதால், நீற்றுவோர் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, குழந்தைகளை விலக்கிவைக்க வேண்டும். கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுமை தாங்கும் சுவரை இடிப்பதையும், உத்திரம் மாற்றுவதையும், மின்கம்பி வேலையையும் மட்டும் அனுபவமுள்ளவரிடம் ஒப்படையுங்கள்.